இடது ஓரம்

வானத்தை இன்னும் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. மவுஸை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். கடலுக்கு மேலே கிடந்த சாம்பல் நிறம் கரைந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. ஆனாலும் போதவில்லை. இன்னும் ஒரு இழை, இன்னும் ஒரு இழை, எங்கோ ஒரு இடத்தில் போதும் என்று கை நின்றுவிடும், இத்தனை வருஷமாக அது தானாகத்தான் நின்றிருக்கிறது, இப்போது மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி ஜெசிந்தா பாத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காற்றாடிக்குக் கீழே, கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் சாளை மீன் வாசம் போகவில்லை. பீச் ரோட்டில் புதிதாகக் கட்டி முடித்திருக்கும் ஹோட்டலின் அறைகளில் மாட்டுவதற்கு ஊர்ப் படங்கள் கேட்டிருந்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரை, பழைய துறைமுகம், உப்பளம், மாதா கோயில் கோபுரம், எல்லாம் காலை வெளிச்சத்தில் இருக்க வேண்டும், படுத்திருக்கிறவனுக்கு ஜன்னல் திரையை விலக்காமலே கடலைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டுமாம். நேற்று ஒரு முறை எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று. பதில் வருவதற்குள் இன்னும் கொஞ்சம் சரி பண்ணலாமே என்றுதான் உட்கார்ந்தார். சரி பண்ணுவதற்கு எல்லையே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து கிடந்த வயர்களைப் படத்திலிருந்து எடுத்தார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாட்டில்களையும் அறுந்த செருப்புகளையும் எடுத்தார். தூரத்தில் நின்ற புகைபோக்கியை எடுத்தார், பிறகு அது இல்லாமல் ஊரே வேறு ஊர் மாதிரித் தெரிந்ததால் திரும்ப வைத்தார், பிறகு மறுபடியும் எடுத்தார். குறுக்கே வந்த ஒரு சொறிநாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பக்கத்து மணலை அள்ளி நிரப்பினார். நிரப்பியது தெரியவே தெரியாது. அதில் அவர் கெட்டிக்காரர். ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்களில் செத்துப்போன தகப்பன்மாரைக்கூட மணவறைக்குப் பின்னால் நிற்க வைத்துக் கொடுத்திருக்கிறார், அம்மாமார் அந்தப் படத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

நிரப்பியது தெரியாது என்று மதுரைக் கண் டாக்டரும் அதேபோலத்தான் சொன்னாள். அதை நினைக்கக்கூடாது என்று கஸ்பார் நினைத்துக்கொண்ட அந்தக் கணமே அந்த வெள்ளைக் கிண்ணம் வந்துவிட்டது. பெரிய உருளியைப் படுக்க வைத்த மாதிரி ஒரு கிண்ணம், அதற்குள் முகத்தைக் கொடுத்து, தாடையைப் பட்டையில் வைத்து, நடுவில் இருந்த மஞ்சள் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அவர் காத்திருந்தார். இவ்வளவு நேரமா ஒன்றும் மின்னவில்லையே, மெஷினைப் போட மறந்துவிட்டார்களோ என்று நினைத்தார். அப்புறம் ஒன்று மின்னியது, அமுக்கினார், அப்புறம் மறுபடியும் நீண்ட காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு முழுக்க வெளிச்சங்கள் வந்து வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பிறகு காட்டிய தாளில் இடது கண்ணுக்கு ஏறக்குறைய எல்லாமே கறுப்பு, வலது கண்ணில் நடுவே ஒரு நார்த்தங்காய் அளவுக்கு வெளுப்பு, அதைச் சுற்றிப் புகை பிடித்த மாதிரி. டாக்டர் இளம் வயதுப் பெண். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றாள். "போனது போனதுதாங்க ஐயா. இருக்கிறதை எவ்வளவு நாள் தக்கவைக்க முடியுமோ பாப்போம்." எனக்கு எங்கேயும் கறுப்பாத் தெரியலையே என்று கேட்டார் கஸ்பார், வாதாடுகிற மாதிரி, ஏதோ அவள் கணக்கில் பிழை இருக்கிறது என்கிற மாதிரி. "தெரியாது. இல்லாத இடத்தை மூளை சும்மா விடாது. பக்கத்துல இருக்கிறதை வச்சு நிரப்பிக்கும். அதனாலதான் இவ்வளவு லேட்டா வர்றீங்க." தலைக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக்கூட இல்லை. அந்த ஒன்றுமில்லாதது இரண்டு காதுகளையும் தாண்டி, நெற்றிப்பொட்டைத் தாண்டி, மெல்ல முன்னால் வந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் மூக்குக்கு நேரே இரண்டு பக்கமும் வந்து சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்போதும் அது கறுப்பாக இருக்காது. இருட்டாக இருந்தால்கூட இருட்டு என்று ஒன்று இருக்கும். ஜெசிந்தாவிடம் லென்ஸில் பூஞ்சை, மதுரையில் சுத்தம் பண்ணக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். சொட்டு மருந்தை காமிரா பையில், ஃப்ளாஷ் வைக்கிற அறைக்குள் வைத்திருந்தார். அவள் அந்தப் பையைத் தொடமாட்டாள்.

கண் மங்கலுக்கு வெளிச்சம் கூட்டுகிறோமா, படத்துக்குக் கூட்டுகிறோமா என்று இப்போது அவருக்கே தெரியவில்லை. எழுந்து, தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். வெளுப்பாகத்தான் இருக்கிறதோ. போன வருஷம் முத்தையாபுரத்தில் ஒரு கல்யாணம், மாலை மாற்றுகிறார்கள், அவர் காமிரா மாப்பிள்ளை முகத்தில் நிற்கிறது, நல்ல சிரிப்பு, அமுக்குகிறார், அதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். பெண் மாலை போட்டு முடித்துவிட்டாள். பெண்ணின் கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை, காற்றிலிருந்து மாலை முளைத்து அந்தப் பையன் கழுத்தில் விழுந்திருந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லி எடுத்தார். பெண்ணின் மாமன் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொன்னான், அவர் காதில் விழவேண்டும் என்றே சொன்னான். அதோடு கல்யாணங்களை விட்டார். கூட்டம் சலித்துப்போச்சு, இனிமே ஊரைத்தான் எடுக்கப்போறேன் என்று எல்லாரிடமும் சொன்னார், கலைஞன் சொல்கிற மாதிரிக் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னார், கேட்டவர்களும் நம்பினார்கள். ஊர் நகராது. கடல் நகர்ந்தாலும் அதே இடத்தில்தான் நகரும். விடியற்காலையில் தெருவில் ஆள் இருக்காது, யார் மேலேயும் இடித்துக்கொள்ள வேண்டாம். ஸ்கூட்டரையும் விட்டாயிற்று, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று. ஜெசிந்தாவும் அதே நேரத்துக்குத்தான் காலைப் பூசைக்குக் கிளம்புவாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் கோயிலுக்குப் போறேன், நீங்க பாத்துப் போங்க" என்பாள். பாத்துப் போங்க. எல்லாப் பொம்பளைகளும் சொல்கிறதுதான். அவர் முதலில் இறங்கிக் கடலைப் பார்த்து நடப்பார், பின்னால் அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்.

போன் அடித்தது. ஹோட்டலின் மேனேஜர் பிரணவ், சென்னைப் பையன், எப்போதும் மரியாதையாகப் பேசுவான்.

"சார், படமெல்லாம் பாத்தோம். எம்.டி.க்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கோன்னு சொன்னாரு."

"அது காலை வெளிச்சம் தம்பி. அப்படித்தான் இருக்கும்."

"சரி சார். இன்னொண்ணு. அந்தக் கோயில் தெரியுற படத்துல ஓரமா ஒரு லேடி நிக்கிறாங்க. அவங்களை எடுத்துரலாமா?"

"எந்த ஓரம்?"

"லெஃப்ட் சார். சுவரை ஒட்டி." அவன் கொஞ்சம் தயங்கினான். "துறைமுகப் படத்துலயும் இருக்காங்க. உப்பளத்துலயும். அதே லேடிதான்னு நினைக்கிறேன், அதே கறுப்புக் குடை. மாடல் மாதிரி யாரையாவது நீங்களே நிக்க வச்சீங்களா சார்? ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா எம்.டி. ஆள் யாரும் வேண்டாம்கிறாரு."

"எடுத்துர்றேன்," என்றார் கஸ்பார். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பிர்றேன்."

போனை வைத்தார். பிறகு கோயில் படத்தைத் திறந்தார். தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்று, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, ஊரைப் பார்த்து எடுத்த படம். நடுவில் கோபுரங்கள், கீழே கடற்கரைச் சுவரின் சுண்ணாம்பு வெளுப்பு, முன்னால் மணல். இடது பக்கம் சுவர் சுவராகவே நீண்டு போயிற்று. ஆள் யாரும் இல்லை. பையன் வேறு படத்தைச் சொல்கிறானோ என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி மேலேயே நம்பிக்கை வராமல் நாற்காலியைத் தள்ளிப்போட்டு, முகத்தையே மானிட்டரின் இடது விளிம்புக்குக் கொண்டுபோனார். சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். நீலச் சேலை, முக்காடு, கக்கத்தில் மடக்கிய குடை, கையில் ஜெபப் புத்தகம் வைக்கிற துணிப்பை. படத்தைப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை, கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த நிற்கிற விதம் தெரியாமலா போகும், ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மறு காலைச் சற்றே மடக்கி. ஆனாலும் பெரிதாக்கினார். ஜெசிந்தா காமிராவைப் பார்க்கவில்லை. அவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் நின்ற தண்ணீரை.

உப்பளத்தில் அவள் ஓர் உப்புக் குவியலின் மறைவில் பாதியும் வெளியே பாதியுமாக இருந்தாள். துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள், கை அவர் பக்கம் நீண்டிருந்தது. அந்தக் காலைப்பொழுது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. படம் எடுத்துவிட்டுத் திரும்பி நடக்கையில் யாரோ ஒருவன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, பாத்து, வடம் குறுக்கே கெடக்கு." அவனைக் கடிந்துகொண்டார், எனக்குத் தெரியாதாப்பா, நான் பாத்துக்கிட்டுத்தான் போறேன் என்று. அவன் அவர் தோளுக்கு மேலாக வேறு யாரையோ பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். அப்போது அது அவருக்கு விநோதமாகப் பட்டது. இவன் யாருக்குத் தலையாட்டுகிறான். அனுப்பாத படங்களையும் திறந்தார். ஒவ்வொன்றாக, முகத்தை விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழே இறங்கி வந்து தேடினார். சிலதில் இல்லை, இல்லை என்றால் காமிராவுக்கு வெளியே நின்றிருப்பாள். சிலதில் இருந்தாள். ஒன்றில் உட்கார்ந்து காலில் குத்திய எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் வாய் திறந்திருந்தது, கூப்பிடப் போகிறவள் மாதிரி, கூப்பிட்டாளா, கூப்பிடாமல் அடக்கிக்கொண்டாளா, அன்றைக்கு எதற்காகக் கூப்பிட நினைத்தாள், எதன் மேல் விழப் போனேன், எப்படித் தப்பினேன். ஒன்றும் நினைவில்லை. நல்ல வெளிச்சம் இருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

எப்போதிருந்து தெரியும் அவளுக்கு. தண்ணீர்ச் செம்பை வலப்பக்கம் வைக்கிறாளே, அப்போதிருந்தா. கடைத்தெருவுக்குப் போகும்போது இடப்பக்கமாக வந்து ஒட்டி நடக்கிறாளே, வயதான பிறகு இவளுக்கு என்ன ஒட்டுதல் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டாரே, அப்போதே தெரியுமா. குளியலறைக்குப் பெரிய பல்பு மாற்றியது, வாசலில் கிடந்த அம்மியைப் பின்கட்டுக்கு நகர்த்தியது, எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது, எல்லாவற்றின் ஓரத்திலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் அடித்தாலும் காலைப் பூசையை விடாதவள். பிள்ளை இல்லை என்று ஆனபோதுகூடச் சாமியோடு கோபித்துக்கொள்ளாதவள். அவளைக் கோயில் மணி அடிக்க அடிக்கக் கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இது அன்பு என்று நினைத்தால் நெஞ்சு நெகிழ வேண்டும், ஆனால் அவருக்கு வந்தது அவமானம்தான், காது மடல் சூடாகிற மாதிரி. குழந்தைக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நடப்பார்களே, அது மாதிரி என் பின்னால். படகுக்காரனுக்குத் தெரியும். இன்னும் யார் யாருக்கோ தெரிந்திருக்கும். நான் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து வெளிச்சம் பற்றி யோசிக்கிற மாதிரி நிற்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளிடம் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன சொல்வாள். அழுவாள். அல்லது அழாமல், மருந்து ஒழுங்காப் போடுறீங்களா என்று கேட்பாள், அப்படிக் கேட்டால் பையையும் பார்த்திருக்கிறாள் என்று ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் நாளைக்கும் அவள் கோயிலுக்குப் போகிறேன் என்பாள், நானும் சரி என்று கடலைப் பார்த்து நடக்க வேண்டும், பின்னால் அவள் வருகிறாள் என்று தெரிந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், திரும்பினாலும் தெரியப்போவதில்லை. இதுவரை ஒரு ஆளுக்காவது கஸ்பார் கண்ணுள்ளவன் என்று நம்பியிருந்தார். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது அந்த ஒரு ஆளின் முன்னால் முழுசாக இருந்தார். இனி வீட்டிலும் இல்லை. இன்னும் எவ்வளவு காலம், அவளுக்குமே முட்டி வலிக்கிறது, கொஞ்ச நாளில் அவளே சுவரைப் பிடித்து நடக்கிறவளாகிவிடுவாள், அப்போது யார் யாருக்குப் பின்னால் நடப்பது. டாக்டர் சொன்னதை மூளை திரும்பத் திரும்பச் சொன்னது. போனது போனதுதாங்க ஐயா. அவளுக்கும் அதே பதில்தான், அவள் விட்ட பூசைகளுக்கும்.

சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். வேலை என்று ஒன்று இருக்கிறது, கை அதைப் பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் தொடங்கினார். குவியலின் வெள்ளையை எடுத்து அவள் மேல் பூசினார். தோள் போயிற்று, முக்காடு போயிற்று. அங்கே எளிதுதான், உப்பு உப்பாகவே இருக்கும், யாரை வேண்டுமானாலும் மூடிவிடும். துறைமுகத்தில் படகுக்காரனையும் சேர்த்தே எடுத்தார். நீண்டிருந்த கை கடைசியாகப் போனது. அந்தக் கை மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேல் தனியாக நின்றது, அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அலையால் அதை மூடினார். ஒவ்வொரு படத்திலும் முகத்தை விளிம்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். சுத்தம். நன்றாகத்தான் செய்திருந்தார், இப்போதெல்லாம் இவ்வளவு நன்றாகச் செய்ய வருவதில்லை. கடைசியாகக் கோயில் படம். சுவரின் வெளுப்பு ஒரே மாதிரி இல்லை, மழைக்கறை, உதிர்ந்த பூச்சு, யாரோ எழுதி அழித்த கட்சிச் சின்னம். ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அவள் பாதத்திலிருந்து மேலே ஏறி வந்தார். மடக்கிய அந்தக் காலை எடுக்கும்போது கை நின்றது. இதற்கு மட்டும் தானாக நிற்கிறது பார். பிறகு தொடர்ந்தார். சேலை, பை, குடை. முகத்தைக் கடைசிக்கு விட்டிருந்தார். அவள் குனிந்து தண்ணீருக்குள் இருந்த அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவலையாகக்கூட இல்லை, கவனமாக, கணக்கு நோட்டுத் திருத்துகிறவள் மாதிரி. அதையும் எடுத்தார். சுவர் நேராக ஓடியது. கண்ணில் நீர் கோத்திருந்தது, மருந்தாலா வேறெதாலா தெரியவில்லை, மருந்து ராத்திரிதானே போடுகிறோம், சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார்.

"சுவத்துல நிழலு கெடக்கு," என்றது ஒரு குரல்.

இடப்பக்கத்திலிருந்து, மிக அருகில் கேட்டது. அவர் திரும்பினார், கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. ஜெசிந்தா ஆல்பங்கள் அடுக்கும் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பை மடியில் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்ப வந்த?"

"வந்து நேரமாச்சு."

ஷட்டருக்குக் கீழே தெரிந்த தெரு மஞ்சளாகிவிட்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. துறைமுகத்திலிருந்தா, உப்பளத்திலிருந்தா என்றும் கேட்கவில்லை. அவள் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னை எடுத்துவிட்ட இடத்தை.

"ஹோட்டல்காரன் ஆள் வேண்டாங்கிறான்," என்றார்.

"நல்லதுதான். நான் எதுக்கு அங்க." கொஞ்சம் கழித்து, "நிழலு மட்டும் நின்னா பாக்கிறவன் பயந்துருவான்," என்றாள்.

"எங்க இருக்கு? எனக்கு..."

தெரியலை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லப்பட்டுவிட்ட மாதிரித்தான் இருந்தது. அவள் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு வந்து, மவுஸ் மேல் இருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். சாக்பீஸ் தூள் படிந்து உலர்ந்திருந்த கை. மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள், அவர் பார்வை எட்டாத இடத்துக்கு.

"இன்னும் கொஞ்சம். மேல. ம், இங்கன. தலை இங்க இருக்கு, இப்படியே கீழ வரும்."

அவர் அமுக்கினார். அவள் கை வழி காட்ட, ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவரில் அவர் எதையோ மேலிருந்து கீழே அழித்துக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை இருவரும் கையை அசைக்காமல் இருந்தார்கள்.

"போயிட்டுதா?"

ஜெசிந்தா முகத்தை முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

"போயிட்டு," என்றாள்.

அவள் சொன்னதை வைத்துத்தான் அவர் படத்தை அனுப்பினார்.